வாசலில் வைத்துச் செய்த சோதனை

1. ஒண்ணும் இல்ல சிஸ்டர்

ஆம்பூரை ஒட்டிய அந்தத் தெருவில் நாங்கள் சர்வே தொடங்கிய முதல் நாள், எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. சர்க்கரை இருக்கிறதா, விடாத இருமல் இருக்கிறதா, கை கால் மரத்துப் போகிறதா, தோலில் உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்போம். "ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கோம்" என்பார்கள். கையிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை', 'இல்லை' என்று அழுத்திக்கொண்டே போனேன்.

நான் அப்போது வேலூரில் ஒரு டிரஸ்ட் மருத்துவமனையின் சமூக நலப் பிரிவில் மூத்த செவிலியர். என் பெயர் ஜெயசீலி. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. லாபத்துக்காக நடத்தப்படாத மருத்துவமனை என்பதால், வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதோடு எங்கள் வேலை முடியாது. வராதவர்களையும் தேடிப் போக வேண்டும். எந்தப் பகுதியில் என்ன நோய், அங்கே எது இல்லை, ஏன் அவர்கள் வருவதில்லை என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் விசாரிப்போம். அதை வைத்துத்தான் கிளினிக் வேன் எங்கெங்கே போகவேண்டும் என்று முடிவாகும். எல்லோரும் 'இல்லை' என்று சொன்ன தெருவுக்கு வேன் போகாது.

அந்தத் தெரு ஆண்களில் பாதிப் பேர் தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைகளில், வேலை செய்தார்கள். பெண்கள் வீட்டிலேயே ஷூ வேலை செய்தார்கள். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். அதற்காக வெட்டிய தோல் துண்டுகளையும் ஒரு டின் சொல்யூஷனையும் குமரேசன் என்ற ஏஜென்ட் காலையில் மொபெட்டில் கொண்டுவந்து கொடுப்பார். சொல்யூஷன் என்றால் ஒட்டுகிற பசை. துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, ஒட்டி, சாயங்காலம் அவரிடமே திருப்பித் தர வேண்டும். தெருவுக்குள் நுழையும்போதே அந்த வாடை வரும். இனிப்பும் பெட்ரோலும் கலந்த மாதிரி இருக்கும். நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

மூன்றாவது நாள், சுமதி என்ற பெண் தண்ணீர்க் குடத்தோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுடைய இடதுகால் செருப்பு கழன்று மண்ணிலேயே கிடந்துவிட்டது. அவள் பாட்டுக்கு நடந்தாள். நான்கைந்து அடி போயிருப்பாள். எதிர்வீட்டு ஷமீம் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏய் சுமதி, செருப்ப வுட்டுட்டுப் போறியே!"

சுமதி நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதன் பிறகுதான் செருப்பு இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. சட்டென்று திரும்பி, நான் பார்த்தேனா என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயம் எனக்குள்ளும் இறங்கியது. முந்தின நாள்தான் என் எல்லாக் கேள்விகளுக்கும் அவள் 'இல்லை' சொல்லியிருந்தாள்.

2. வெளிச்சம் நன்றாக இருந்தது

அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். பாதத்தின் மேல் ஒரு பெரிய புண் இருந்தது. கஞ்சி கொட்டிவிட்டது என்றாள்.

"எரியலையா?"

"கொட்டுனதே தெரில சிஸ்டர். பொண்ணு பாத்துட்டுக் கத்துனா."

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. அவளை வாசல்படியில் உட்கார வைத்தேன். பையிலிருந்து நைலான் இழையையும் குண்டூசியையும் எடுத்தேன். கண்ணை மூடச் சொல்லி, இழையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனேன். முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் நரம்பைத் தடவிப் பார்த்தேன். அதிகம் போனால் ஐந்து நிமிஷம். பல ஆயிரம் பேருக்குச் செய்த சோதனைதான்.

எங்கள் பக்கத்தில் தொழுநோய் முகாம்கள் எத்தனையோ வருஷமாக நடந்திருக்கின்றன. இழையும் ஊசியும் எதற்கு என்று நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் தெரியும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

"அந்த வியாதியா சிஸ்டர்?" என்று சுமதி மெதுவாகக் கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணாத்தாம்மா சொல்ல முடியும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா."

எங்கள் பாடப்புத்தகப்படி அது சரியான பதில். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் அதைக் கேட்டார்கள்.

3. பூட்டிய வீடு

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய் காலை பத்து மணிக்கு நாங்கள் போனபோது தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எங்கள் வேனைப் பார்த்ததும் ஒரு அம்மாள் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். சுமதி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

தெரு முனையில் குமரேசன் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றார்.

"உங்களால பெரிய பேஜாராப் போச்சு சிஸ்டர். அவ தொட்ட பீஸ வேற யாரும் தொட மாட்டேன்றாங்க. நான் இன்னா பண்றது, அவளுக்கு வேல குடுக்கறத நிறுத்திட்டேன். ஊட்டு ஓனரு ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஸ்கூல்ல பொண்ணத் தனியா ஒக்கார வெச்சிட்டாங்களாம்."

"சுமதி எங்க?"

"ஞாயித்துக்கிழம காலைல பொண்ண இட்டுக்கினு போய்ட்டா. எங்க போனான்னு புருஷனுக்கே தெரில."

அந்தத் தெருவின் பின்பக்கம் ரயில் பாதை. அதைத் தாண்டினால் பாலாறு. நடுவில் கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய விவசாயக் கிணறுகள். இவை எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்தன. டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் போட்டேன். எத்தனையோ பிரசவங்களும் சாவுகளும் பார்த்தவள் நான். நான் செய்த ஒரு காரியத்தால் ஒருத்தி செத்துப் போயிருக்கலாம் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

டிரைவர் தாஸையும் கூட்டிக்கொண்டு முதலில் ரயில்வே ஸ்டேஷன் போனேன். "நேத்தும் முந்தாநேத்தும் ஏதாவது..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றேன். அங்கே இருந்தவர் புரிந்துகொண்டார். "ஒண்ணும் இல்லம்மா" என்றார். அந்த 'இல்லை'யை நான் நம்ப விரும்பினேன். இருந்தாலும் கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தோம். ஒன்றில் ஒரு சிவப்புத் துணி மிதந்தது. தாஸ் ஒரு குச்சியால் இழுத்துப் பார்த்து, "சாக்குப்பை சிஸ்டர்" என்றார்.

பிறகு அவள் புருஷன் முருகன் வேலை செய்கிற ஷாப்புக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே வந்தார். ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எம் பொண்டாட்டிய இன்னா பண்ணீங்க நீங்க?" என்று கத்தினார். வாட்ச்மேன் இடையில் வந்தார். முருகன் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, கேட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நானும் அவ ஆக்குனத துன்னல சிஸ்டர்" என்றார். "சனிக்கிழம முழுக்க துன்னல. தட்டு போட்டா, நான் வெளிய எழுந்து போய்ட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். சுமதிக்கு நாட்றம்பள்ளியில் ஒரு அக்கா இருப்பதாகவும், போன் எடுக்கவில்லை என்றும், அங்கே போய்ப் பார்க்கவே தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். அங்கேயும் அவள் இல்லையென்றால் அதற்குமேல் தேட இடம் இல்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

மூன்று பேரும் வேனில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் எங்கே நான்கு பேர் கூட்டமாக நின்றாலும் முருகன் எட்டி எட்டிப் பார்த்தார். எதிரே சைரனோடு ஒரு ஆம்புலன்ஸ் போனபோது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் சுமதியின் மகள் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கிறவள்.

"அம்மா எங்கடா?" என்று முருகன் கேட்டார்.

பிள்ளை தலை நிமிராமல் உள்ளே கையைக் காட்டியது. அந்த நான்கு அடியை நான் எப்படி நடந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. சுமதி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

4. சுமதி கேட்டது

"நீங்க இன்னும் யார் யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா கொடுத்த டீயை நான் குடித்தேன். அவள் குடிக்கவில்லை. முருகன்தான் பேசிப் பேசி, இரண்டு நாள் கழித்து அவளை மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார். எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் பிரபா அவளைக் கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில் பார்த்தார்.

சோதனை முடிவுகள் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழுநோய் மாத்திரையில் குணமாகிற நோய். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தத் தெரு அவளைக் குணமாக விடாது என்பதை அந்த ஒரு வாரத்தில் பார்த்திருந்தேன்.

தொழுநோய் இல்லை. தேமல் எதுவும் இல்லை, நரம்பு தடிக்கவில்லை. இரண்டு காலிலும் ஒரே மாதிரி உணர்ச்சி போயிருந்தது. கைவிரல்களிலும் தொடங்கியிருந்தது. சர்க்கரையும் இல்லை. டாக்டர் நரம்பு டெஸ்ட் தாளைப் பார்த்துக்கொண்டே, "என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். "எந்த இடத்துல உக்காந்து?" என்றார். அதை நான் கேட்டதே இல்லை.

சுமதியின் அனுமதியோடு டாக்டரை, அவர்கள் இன்னும் காலி செய்யாத அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். எட்டுக்குப் பத்து அறை. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று பட்டால் மடிப்பதற்கு முன்பே சொல்யூஷன் காய்ந்துவிடும் என்று எப்போதும் சாத்தியே வைப்பார்களாம். தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் அங்கேதான் மூடியில்லாத டின்னுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சில வகைப் பசையில் கலக்கிற கரைப்பான் ஆவி, மூச்சு வழியாகப் போய் நரம்பைக் கெடுக்கும் என்று டாக்டர் விளக்கினார். வெளியே வந்து தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லா வீட்லயும் ஜன்னல் சாத்தித்தானே இருக்கு, சிஸ்டர்?"

அத்தனை வீட்டுக்கும் 'இல்லை' என்று பதிவு செய்தவள் நான்.

மற்றப் பெண்களைப் பார்த்தாக வேண்டும். ஆனால் எங்களுக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். சுமதி கூப்பிட்டால் ஒருவேளை வருவார்கள். அவளிடம் உதவி கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தும் கேட்டேன். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"மொதல்ல எம் பொண்ணு ஸ்கூலுக்கு வாங்க. டீச்சர் முன்னாடி, புள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. உங்க மேலதான் தப்புன்னும் சொல்லுங்க. அப்பறமா மத்தது பாக்கலாம்."

மறுநாள் போனேன். வகுப்பில் அந்தப் பெண் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். பெரிய பெரிய கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அந்த முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் பேசுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "இவங்க அம்மாவுக்கு அந்த நோய் இல்லை. இருந்தாலும் யாரையும் தள்ளி உட்கார வைக்கக் கூடாது, அது மாத்திரையில சரியாகிற நோய். நான்தான் தெருவுல வைத்து டெஸ்ட் பண்ணி எல்லோரையும் பயமுறுத்திவிட்டேன். தப்பு என்னுடையது" என்றேன். டீச்சருக்கு முகம் சிவந்தது. "முன்னாடி வாம்மா" என்று கூப்பிட்டார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

5. ஷமீம் வீட்டு முன்னறை

சுமதி சொன்னபடியே மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். ஷமீம் தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். வாசலுக்குத் திரை போட்டோம். ஊசி கிடையாது, இழை கிடையாது, டேப்லெட் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேள்விகளையும் நாங்கள் கேட்கவில்லை. சுமதி கேட்டாள்.

"செருப்பு உங்களுக்குத் தெரியாம கழண்டு போவுதா? ஜாக்கெட் ஊக்கு போட வருதா? படி ஏறும்போது முட்டி மடங்கிப் போவுதா?"

முதலில் ஷமீமே பேசினாள்.

"எனக்குக் கண்ணாடி டம்ளரு கைல நிக்க மாட்டேங்குது சுமதி. ஒரு மாசமா எவர்சில்வர்லதான் குடிக்கறேன். ஊட்ல கேட்டா, கை தவறி ஒடைச்சிட்டேன்னு சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். குதிகாலை மட்டும் ஊன்றி அறையின் குறுக்கே நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். வந்த பதினோரு பேரில் நான்கு பேரால் முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவள் நடக்க முயன்று, முன்பாதம் தொங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூச்சத்தில் வந்த சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த யாரும் சிரிக்கவில்லை. வாரக்கணக்கில் ஆளாளுக்குத் தனியாக மறைத்து வைத்திருந்த பயம் அறை முழுக்க ஒன்றாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு குமரேசன் எட்டிப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இன்னா நடக்குது இங்க? இது கம்பெனிக்குத் தெரிஞ்சா தெருவுக்கே வேல நின்னுடும். அப்பறம் என்னாண்ட வந்து அழாதீங்க."

இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். வேறு தெருக்களில் நடந்திருக்கிறது.

சுமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வேல நின்னா வேற வேல தேடலாம். காலு நின்னு போச்சுன்னா இன்னாண்ணா பண்றது? உங்களாண்டயும்தான் தினமும் அம்பது டின்னு இருக்குது. உங்க கை நல்லாருக்குதா?"

குமரேசன் தன் கையை ஒருமுறை விரித்துப் பார்த்தார். போய்விட்டார். மறுநாள் காலை எங்கள் வேனுக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்தி, ஒரு டின்னை இறக்கி வைத்தார். "நான் குடுத்தேன்னு எங்கயும் சொல்லாதீங்க சிஸ்டர்" என்றார். எங்களுக்கு அந்த ஒரு டின் போதுமானதாக இருந்தது. டாக்டர் சந்தேகப்பட்ட கரைப்பான்தான் அதில் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது.

எங்கள் டிரஸ்ட் கூட்டத்தில் ஒருவர், "அறிக்கையில பசைன்னு எழுதத்தான் வேணுமா?" என்று கேட்டார். தோல் வியாபாரிகள் எங்களுக்கு உதவி செய்கிறவர்கள். டாக்டர் பிரபா வாதாடவில்லை. ஷமீம் டம்ளர் பற்றிச் சொன்னதை, பேர் சொல்லாமல், அப்படியே படித்தார். பசை என்றே எழுதப்பட்டது. ஷூ கம்பெனிக்கு மருத்துவமனை எழுதிய கடிதத்துக்கு முதலில் பதிலே வரவில்லை. தெருவுக்கு மூன்று வாரம் வேலையும் வரவில்லை. அந்த மூன்று வாரமும் அந்தத் தெருவில் நடக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு வேறு பசையோடு குமரேசன் வந்தார். பஞ்சாயத்து இடத்தில் சுவர் இல்லாமல் கூரை மட்டும் போட்ட ஒரு ஷெட்டை எங்கள் மருத்துவமனை கட்டிக்கொடுத்தது. பெண்கள் அங்கே உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை தோறும் சத்து மாத்திரைகளோடு வேன் போனது.

ஆனால் உடனே சரியாகவில்லை. பசையை விட்ட பிறகும் சில வாரங்கள் மோசமாகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது நிஜமாகவே நடந்தபோது யாராலும் தாங்க முடியவில்லை. சுமதியால் ஒரு மாதம் பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியவில்லை. "ஆஸ்பத்திரி மாத்திரதான் இப்படிப் பண்ணுது" என்று பேச்சு கிளம்பியது. ஷமீம் வருவதை நிறுத்தினாள். ஒவ்வொரு வியாழனும் வேனிலிருந்து இறங்கும்போது, யார் என்ன கேட்பார்களோ என்று கால் தயங்கும். நான்காவது மாதம் சுமதியின் கட்டைவிரல் லேசாக மேலே அசைந்தது. அவள் அதை ஷமீமைக் கூப்பிட்டுத்தான் முதலில் காட்டினாள். பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் தேறினார்கள். சுமதியின் இடது பாதம் இன்றும் கொஞ்சம் இழுக்கும்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

சர்வேக்குப் போகும் இளம் செவிலியர்கள் என்னிடம் கேட்பதுண்டு, மக்கள் ஏன் உண்மையைச் சொல்வதில்லை என்று. அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையைச் சொன்னால் தன் வேலையும் வீடும் பிள்ளையின் பெஞ்சும் என்னாகும் என்று யோசித்துவிட்டு 'இல்லை' என்கிறார்கள். நம் படிவம் அதை யோசிப்பதில்லை. ஒரு கேள்வியோடு தெருவுக்குள் போகுமுன், அதற்கு 'ஆமாம்' என்று சொல்கிறவளுக்கு அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்று நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவளைக் காப்பாற்ற வழி செய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். எனக்கு இது இருபத்தாறு வருஷ வேலைக்குப் பிறகு, ஒரு வாசல்படியில், இன்னொருத்தியின் செலவில் தெரிந்தது.

இதை எழுதுவதற்கு முன் சுமதியைப் போய்ப் பார்த்தேன். ஷெட்டில் வேலையாக இருந்தாள். எழுதலாமா என்று கேட்டேன். கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"எழுதுங்க. பொண்ணு இப்பப் பெரியவளாயிட்டா, அதனால பேர மட்டும் மாத்திடுங்க."

"வேற ஏதாவது மாத்தணுமா?"

"வேற எதையும் மாத்தாதீங்க" என்றாள். "நீங்க பண்ணுனதயும் சேத்து எழுதுங்க."